காதுக்காரி வீட்டு ஓசையில்லாப் பெட்டி

காதுக்காரி என்ற பெயரை அவளுக்கு வைத்தது அலுவலகம். ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கிக் கொடுக்கும் சின்ன நிறுவனம் அது. யாருக்கும் பிடிபடாத சொல் ஒன்று வந்துவிட்டால் அங்கே யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டார்கள். "காதுக்காரிக்கு அனுப்பிடு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். வாய்க்குள்ளேயே பேசும் டாக்டர்களின் குறிப்புகள், நாலு பேர் ஒரே மூச்சில் பேசிய கூட்டங்கள், காற்றடிக்கும் தெருவில் எடுத்த பேட்டிகள், எல்லாம் கடைசியில் அவள் வீட்டு மேசைக்குத்தான் வந்து சேரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மேசைக்கு அடியில் இருக்கும் பெடலைக் காலால் அழுத்தி, கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, மறுபடி அழுத்தி, எப்படியும் அந்தச் சொல்லின் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டுவிடுவாள்.

அதற்கு முன்னால் அவள் ஒரு பெரிய மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். வெளியிலிருந்து வரும் அழைப்பையெல்லாம் வாங்கி யாருக்கு எது என்று பிரித்துக் கொடுக்கிற வேலை. "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே பேசுகிறவர் யார், இன்று மனம் எப்படி இருக்கிறது என்று கண்டுகொள்வாள். பெரிய டாக்டரிடம் லீவு கேட்க நினைக்கும் நர்சுகள் முதலில் இவளைத்தான் கூப்பிட்டு, "இன்னிக்குக் காத்து எந்தப் பக்கம் அடிக்குது?" என்று விசாரிப்பார்கள். பிறகு எல்லா அறைக்கும் நேரடி எண் வந்தது. ஆபரேட்டர் அறையில் உடைந்த கட்டில்களைப் போட்டுப் பூட்டினார்கள். அவள் அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. காது இருக்கிறவரை பிழைப்புக்குக் குறைவில்லை என்று சொல்லிக்கொண்டு இந்த வேலைக்கு வந்துவிட்டாள்.

கணவர் ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புக்காரர். ஊர் கண் விழிப்பதற்குள் ரொட்டி கடைக்குப் போய்விட வேண்டும் என்பதால் அவருடைய வேலை முழுக்க இருட்டில். விடிந்ததும் வீட்டுக்கு வருவார், குளிப்பார், எதையாவது வாயில் போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்துவிடுவார். வீடு ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இரண்டே அறை. ஒன்று சமையலறை. இன்னொன்றில்தான் மற்ற எல்லாம். ஒரு சுவரோரம் அவர் தூங்கும் கட்டில், எதிர்ச் சுவரோரம் அவள் வேலை செய்யும் மேசை. மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஆகவே காலையிலிருந்து மதியம்வரை அந்த அறையில் ஒருவர் தூங்குவார், ஒருவர் கேட்பார். ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருப்பார்கள். அவருக்கு வெளிச்சம் ஆகாது, அவளுக்குத் தெருச் சத்தம் ஆகாது.

இருவருக்கும் நடுவில் மூன்றாவது ஆளாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. யாரோ பயன்படுத்திக் கழித்ததை அவள் வாங்கியிருந்தாள். பீரோ மாதிரி உயரமான பெட்டி. பொத்தானை அமுக்கியதும் உள்ளே இருக்கும் விசிறிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். அதற்கு மேல் ஹார்ட் டிஸ்க் தன் பங்குக்குக் கரகரவென்று அரைக்கும். வீட்டில் அதற்குப் பெயர் மாவு மில். "மில் ஓடுதா?" என்று கேட்டால் அவள் வேலையில் இருக்கிறாளா என்று அர்த்தம்.

கணவர் ஒருநாளும் அந்தச் சத்தத்தைக் குறை சொன்னதில்லை. "அடுப்புப் பக்கத்துல நின்னு பாரு, இதெல்லாம் தாலாட்டு" என்பார். அவஸ்தை அவளுக்குத்தான். ஹெட்போனுக்குள் மெல்லிய குரல் ஒன்று ஏதோ சொல்ல வரும். அதன் மேல் மில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அவள் ஒலியை ஒரு படி கூட்டுவாள். மில்லும் விடாது. இன்னும் ஒரு படி கூட்டுவாள். மதியம் ஹெட்போனைக் கழற்றும்போது தலை பாறாங்கல்லாகக் கனக்கும். அதை அவள் வேலைக் களைப்பு என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

ஒரு கோடையில் மில் இருமத் தொடங்கியது. அரைக்கிற சத்தத்துக்கு நடுவில் டக், டக் என்று ஏதோ தட்டும், அப்புறம் கொஞ்ச நேரம் எல்லாம் நின்றுபோகும். அந்தச் சமயம் பார்த்து நாத்தனார் வந்தாள். கணவரின் தங்கை. இரண்டு தெரு தள்ளி போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். விளக்கைத் திருகுவதிலிருந்து கேமராவைப் பிரித்து மாட்டுவதுவரை எல்லாம் தானே செய்கிறவள், பேச்சிலும் கை வேலையிலும் ஒரே வேகம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"அண்ணி, உள்ள கம்ப்யூட்டர் ஓடுதா, லாரி ஓடுதா?"

"மெதுவாப் பேசு. அண்ணன் தூங்கறாரு."

"இந்தச் சத்தத்துல தூங்கறவரு என் சத்தத்துலயா முழிச்சுக்கப் போறாரு."

பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து காதை வைத்துக் கேட்டாள். "டிஸ்க் போகப் போகுது. உள்ள ஒரு தட்டு விடாம சுத்திக்கிட்டே இருக்கும், அது மேல ஊசி மாதிரி ஒண்ணு ஓடும். ரெண்டும் கிழண்டு போச்சு. இன்னொரு டிஸ்க் வாங்கிப் போட்டா அதுவும் சுத்தத்தான் போகுது. சுத்தாத ஒண்ணைப் போட்டா என்ன?"

"சுத்தாம எப்படி?"

"என் கேமராவுல என்ன சுத்துது? ஒரு கார்டு. அதுலதானே அத்தனை படமும் உக்காந்திருக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே தடித்த புத்தகம் ஒன்றின் அளவில் கறுப்புப் பெட்டி. ஏதோ வங்கியில் கவுன்டருக்குக் கவுன்டர் வைத்திருந்து, புதுசு வந்ததும் பழைய சாமான் கடைக்குத் தள்ளிவிட்டது. விசிறியே கிடையாது. பெட்டியின் முதுகு முழுக்க வரிவரியாக இருந்த அலுமினியத் தகடு சூட்டை வாங்கிக் காற்றில் விட்டுவிடும். தின்கிற மின்சாரமும் ஒரு சின்ன பல்பு அளவுக்குத்தான். இன்னொரு பொட்டலத்தில், அவள் பழைய பெரிய கேமராவில் போட்டிருந்த மெமரி கார்டு. தீப்பெட்டியைவிடச் சிறியது. அதைச் செருகிக்கொள்ள ஒரு பச்சைத் தகடு, அதில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகத் துளைகள்.

"எத்தனையோ கல்யாணம் பாத்த கார்டு இது அண்ணி. மேளச் சத்தமெல்லாம் கேட்டு அலுத்துப் போயிருக்கும். இனிமே உங்க வீட்ல அமைதியா இருக்கட்டும்."

இருவரும் மேசை மேல் ஒரு பழைய துண்டை விரித்து, பெட்டியைத் திறந்து உட்கார்ந்தார்கள். டிஸ்க்குக்கு என்று விட்டிருந்த பல்வரிசையில் பச்சைத் தகடு கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. கார்டைச் செருகியதும் அந்தப் பெட்டி அதை ஒரு டிஸ்க் என்றே நம்பிவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றை நாத்தனார் அதில் ஏற்றினாள். முதலில் பெடல் வேலை செய்ய மறுத்தது. அழுத்தினால் ஒன்றும் நடக்காது, காலை எடுத்தால் பதிவு ஓடும். நாத்தனார் விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போன நேரத்தில், காதுக்காரியே இணையத்தில் தேடி எந்த மிதிக்கு எந்தக் கட்டளை என்று ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுத்துச் சரிசெய்தாள்.

அடுத்து, தட்டச்சு செய்யும்போது நடுநடுவே திரை உறைந்து போயிற்று. நாத்தனார் யோசித்துவிட்டுச் சொன்னாள். "நீங்க ஒரு வரி அடிக்கறதுக்குள்ள அது பத்துத் தடவை கார்டுல எழுதுது. கார்டுக்குப் படிக்கறது சுலபம், எழுதறது கஷ்டம். அதோட ஒரே இடத்துல திருப்பித் திருப்பி எழுதினா தேஞ்சும் போயிடும். தற்காலிகக் குப்பையையெல்லாம் கார்டுல எழுதாம பெட்டியோட சொந்த மெமரியிலேயே வச்சுக்கச் சொல்லிடறேன், பெட்டியை அணைச்சா அது தானாப் போயிடும். உங்க எழுத்தை மட்டும் அப்பப்ப நீங்களே சேவ் பண்ணுங்க. ஒரு பக்கம் முடிஞ்சா ஒரு தடவை, போதும்."

"மறந்துட்டா?"

"மறக்கற ஆளா நீங்க? என் கல்யாணத்துல யார் என்ன மொய் வச்சாங்கன்னு இன்னும் சொல்றீங்க."

மறுநாள் காலை கணவர் தூங்கிய பிறகு அவள் பெட்டியின் பொத்தானை அமுக்கினாள். ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பவில்லை போல என்று மறுபடி அமுக்கினாள். ஓடிக்கொண்டிருந்தது அணைந்துபோயிற்று. அப்புறம்தான் பச்சை விளக்கைப் பார்க்கப் பழகினாள். ஹெட்போனை மாட்டிப் பதிவைப் போட்டதும் ஒரு வயதான டாக்டரின் குரல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதைப் போல் வந்தது. மூச்சு இழுப்பதும், தாளைத் திருப்புவதும், பேனா மூடியைப் போடுவதும் கேட்டது. இதையெல்லாம் இவ்வளவு நாள் மில் தின்றிருக்கிறது. அன்று வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் வேலையை முடித்துவிட்டு, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் ஜன்னல் கம்பியைத் துடைத்தாள்.

சில நாள் அந்தச் சுகம் நீடித்தது. பிறகு ஒரு காலையில், ஒரு பதிவு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடையில், அவள் காதில் ஏதோ விழுந்தது. மெல்லிய சத்தம். முறுக்கிக் கட்டிய கம்பியைத் தட்டிவிட்டால் கடைசியில் ஒரு ரீங்காரம் மிச்சம் இருக்குமே, அந்த மாதிரி. ஹெட்போனைக் கழற்றினாள். அப்போதும் இருந்தது.

பெட்டி வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டது என்று நினைத்தாள். நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"பெட்டி கத்துது."

"எதுக்குள்ள இருந்து கத்தும் அண்ணி? உருள்றது இல்ல, சுத்தறது இல்ல. கத்தணும்னா அதுக்கு வாயே கிடையாது."

"நான் என்ன பொய்யா சொல்றேன்? நீ வந்து கேளு."

வந்து கேட்டாள். காதைப் பெட்டியின் முன்னாலும் பின்னாலும் வைத்துப் பார்த்தாள். தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றாள். ஆனாலும் அண்ணியின் காதைப் பற்றி ஊருக்கே தெரியும் என்பதால் எதிர்த்துப் பேசத் தயங்கினாள். "சில சமயம் கரண்ட் கொடுக்கற அடாப்டர் லேசா கீச்சிடும். எனக்குக் கேக்காதது உங்களுக்குக் கேக்கலாம்" என்று வேறு அடாப்டர் கொண்டுவந்து மாற்றினாள். சத்தம் போகவில்லை. கார்டை மாற்றினாள். போகவில்லை. பச்சைத் தகட்டை மாற்றினாள். அதற்கப்புறம் அவளுக்கே சலித்துவிட்டது. "ஸ்டூடியோவைப் பூட்டிட்டு வந்துருக்கேன் அண்ணி" என்று முகத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

காதுக்காரி தானே வேட்டையில் இறங்கினாள். சமையலறைக் குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாள். குழாயை இறுக்கி மூடினாள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போர்வைக்குள் சுற்றி வைத்தாள். கீழ்வீட்டு மோட்டாராக இருக்குமோ என்று படியிறங்கிப் போய்க் கேட்டாள். மோட்டார் பழுதாகி நாளாயிற்று என்றார்கள். மாடியில் எங்கே நின்றாலும் அந்தக் கம்பி ஒரே மாதிரி கேட்டது. அவள் நகர்ந்தால் அதுவும் கூடவே நகர்ந்தது. அந்த விஷயம் அவளுக்கு உள்ளூர உறைத்திருக்க வேண்டும். ஆனால் அதை நினைக்க அவள் இடம் கொடுக்கவில்லை. பெட்டி, பெட்டி என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் முற்பகலில் மின்சாரம் போயிற்று. பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. தெருவில் எங்கோ ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் ஒன்றும் நின்றது. அந்தக் கட்டடமே மூச்சைப் பிடித்துக்கொண்டதைப் போல் ஓர் அமைதி வந்தது. அந்த அமைதிக்கு நடுவில் கம்பி தெளிவாக, அசையாமல், கேட்டுக்கொண்டே இருந்தது.

அவள் எழுந்து அணைந்த பெட்டியைக் கையில் எடுத்து, எல்லா ஒயரையும் உருவிவிட்டு, அதைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். புழுக்கத்தில் விழித்துக்கொண்ட கணவர் கட்டிலில் இருந்தபடியே அதைப் பார்த்தார்.

"அது என்ன, போனா?"

"உங்களுக்கு ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"

அவர் கொஞ்சம் கவனித்தார். "கேக்குதே."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ங்ங்ங்னு? மெல்லிசா? நிக்காம?"

"ஆமா. அதான் எப்பவும் இருக்கறதாச்சே."

"நான் சொன்னேன், யாரும் நம்பலை. எழுந்து வாங்க. எங்கேயிருந்து வருதுன்னு ரெண்டு பேருமாப் பாத்துடலாம்."

அவர் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார். இருவரும் அறையின் நடுவில் நின்றார்கள். "எந்தப் பக்கம்?" என்றாள். அவர் வலது பக்கம், சமையலறைச் சுவரைக் காட்டினார். அவளுக்கு இடது பக்கம், ஜன்னலில் இருந்து வந்தது. "திரும்பி நில்லுங்க" என்றாள். அவர் திரும்பி நின்றார். இப்போது அவருடைய வலது பக்கம் ஜன்னல். யோசிக்காமல் ஜன்னலைக் காட்டினார். அவளும் திரும்பினாள். அவளுக்கு அது சமையலறைக்குப் போய்விட்டது.

அவரவர் சத்தம் அவரவர் காதோடேயே திரும்பியது.

"உங்களுக்குக் கேக்கறது எப்படி இருக்கு? வாயால சொல்லிக் காட்டுங்க."

அவர் கூச்சத்தோடு தொண்டையைச் செருமிக்கொண்டு, வாயை மூடியபடி ஒரு கனத்த ரீங்காரம் செய்தார். தூரத்தில் பெரிய அடுப்பு எரிவது மாதிரி. அவளுடையது அதுவல்ல. அவளுடையது எங்கேயோ உச்சியில் இருந்தது.

"இது எப்பலேர்ந்து கேக்குது?"

"அடுப்புக்குப் போன புதுசுல இருந்து இருக்கும். நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே."

"இத்தனை வருஷமா? யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? எல்லாருக்கும் கேக்கும்னுதான் இருந்தேன். அமைதியா இருக்கறதுன்னா இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்."

அவள் பெட்டியை மேசை மேல் வைத்துவிட்டுக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் அழவில்லை. ஆனால் வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று தெரிந்து வாயைத் திறக்காமல் இருந்தாள். அவருக்கு அது புரிந்திருக்க வேண்டும். ஒரு பழைய செய்தித்தாளை மடித்து இருவருக்குமாக விசிறிக்கொண்டிருந்தார்.

"காது போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள் கடைசியில்.

"இப்ப நான் பேசினது கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு."

"அப்ப போகலை. போய்க் காட்டிட்டு வருவோம். எனக்கும் சேத்து."

காது ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குக் கண்ணாடி பதித்த ஒரு சின்ன அறை. உள்ளே மெத்தை வைத்த சுவர். ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னார்கள். வேலையே அதுதானே என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒலி உச்சிக்குப் போகப் போக, வருவது அங்கிருந்தா தன் தலைக்குள்ளிருந்தா என்று அவளுக்குப் பிரிக்க முடியவில்லை. இல்லாததற்கு அமுக்கினாள். இருந்ததை விட்டுவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஒலிக்கு அவள் ஊகத்தில் பதில் சொன்னாள்.

சோதிக்கும் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து மைக்கில் சொன்னாள். "பரவால்லம்மா, நிறைய பேருக்கு இப்படி ஆகும். சத்தத்தை விட்டு விட்டு வர்ற மாதிரி மாத்தறேன். உங்களோடது நிக்காம ஓடும், என்னோடது குதிச்சுக் குதிச்சு வரும். குதிக்கறதுக்கு மட்டும் அமுக்குங்க."

அதற்கப்புறம் சரியாக வந்தது.

காது டாக்டர் நிதானமான அம்மாள். சோதனையில் வந்த வரைபடத்தை மேசையில் விரித்து விரலால் காட்டினார். வலது காது வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது. இடது காதில் உச்ச ஒலிகள் மட்டும் குறைந்திருக்கின்றன. "எந்தப் பக்கம் போன் வச்சுப் பேசுவீங்க?" என்று கேட்டார். ஆபரேட்டர் அறையில் ஹெட்செட்டின் ஒற்றைக் கிண்ணம் வருஷக் கணக்கில் அவள் இடது காதில்தான் உட்கார்ந்திருந்தது. அதற்கு மேல் மில்லோடு போட்டி போட்டுக் கூட்டி வைத்த ஒலி வேறு. கணவருக்கு வலது பக்கம். அடுப்புக்குக் காற்றடிக்கும் பெரிய விசிறி நிற்பதும் அவருடைய வலது பக்கம்.

"உள்காதுல ரொம்ப மெல்லிசான மயிர் மாதிரி இருக்கும். அது போனது போனதுதான், திரும்ப முளைக்காது. அந்தச் சத்தமும் முழுசாப் போகும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். சத்தத்தைக் குறைச்சு வச்சுக் கேளுங்க, நடுவுல காதுக்கு ஓய்வு கொடுங்க. நீங்க கம்ப்யூட்டரை மாத்தினது ரொம்ப நல்ல காரியம். இல்லன்னா இன்னும் கூட்டிக்கிட்டே போயிருப்பீங்க." பிறகு சற்று யோசித்துச் சேர்த்துச் சொன்னார். "அறையை மட்டும் அடியோட நிசப்தமா வச்சுக்காதீங்க. நிசப்தத்துலதான் அது பெரிசாக் கேக்கும். ஏதாவது மெல்லிய சத்தம் பக்கத்துல இருக்கட்டும்."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார். "அப்ப மில்லைத் திரும்பக் கொண்டுவந்துடலாமா?"

அவள் அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

மில்லைக் கொண்டுவரவில்லை. ஜன்னலைத் திறந்தார்கள். அவள் மேசைப் பக்கம் மட்டும், ஒரு கதவு. தெருவில் சைக்கிள் போகும், யாரோ யாரையோ கூப்பிடுவார்கள், எதிர்க் கட்டடத்தில் பாத்திரம் கழுவுவார்கள். ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு தடித்த திரையைத் தொங்கவிட்டதில் அவருக்கு வெளிச்சமும் படவில்லை. பெட்டி தன் பாட்டுக்கு ஓசையில்லாமல் இருந்தது. ஹெட்போனின் ஒலியை அவள் பாதியாக்கி, அந்த அளவைத் தாண்டாதபடி பெட்டியிலேயே பூட்டு வைத்தாள். முதல் சில நாள் ஒவ்வொரு வரியிலும் விரல் தானாகக் கூட்டும் சாவிக்குப் போய், ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்தது.

நாத்தனாரிடம் போனில் சொல்ல மனம் வராமல் நேரில் ஸ்டூடியோவுக்குப் போனாள். உள்ளே யாரோ பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் போகிறவரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"பெட்டி மேல தப்பில்ல. என் காதுலதான்."

நாத்தனார் கேமராவை மேசையில் வைத்தாள். கிண்டலாக ஏதோ சொல்ல வந்தவள் அதை விழுங்கிக்கொண்டது தெரிந்தது. "அன்னிக்கு நான் மூஞ்சியைத் தூக்கிட்டுப் போனேன்ல" என்றாள்.

"நான்தானே ஒவ்வொண்ணா மாத்த வச்சேன்."

"எத்தனை தடவை வேணா மாத்துவேன். டாக்டர் என்ன சொன்னாங்க, முதல்ல இருந்து சொல்லுங்க. உக்காருங்க." ஸ்டூடியோவின் கதவில் தொங்கிய பலகையை 'மூடியிருக்கிறது' என்று திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அலுவலகத்தில் சொல்வதற்குத்தான் அவளுக்கு அதிகத் தைரியம் தேவைப்பட்டது. காதுக்காரி என்று பெயர் வைத்தவர்களிடம் போய்க் காதில் கோளாறு என்று எப்படிச் சொல்வது? மேற்பார்வையாளர் அவளைவிடச் சின்னவர், வார்த்தையை அளந்து பேசுகிறவர். முழுக்கக் கேட்டுக்கொண்டார். "என்கிட்ட சொன்னது நல்லதாப் போச்சுக்கா. இங்க உக்காந்திருக்கறவங்கள்ல யாருக்கெல்லாம் இருக்குன்னு தெரியலை, கேட்டதே இல்ல" என்றார். மோசமான பதிவுகளை இனி அவளுக்கு மட்டும் தள்ளாமல் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வது என்றும், மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்க்கும் வேலையில் பாதியை அவளுக்குக் கொடுப்பது என்றும் முடிவாயிற்று. அது கண் வேலை. முதலில் அவளுக்கு அது பதவி இறக்கம் போலத்தான் பட்டது. போகப் போக வேறு விதமாக ஆயிற்று. மற்றவர்கள் தங்களுக்குக் கேட்காமல் விட்டுப்போன இடத்தில் புள்ளி வைத்து அனுப்புவார்கள். வரியின் முன்னும் பின்னும் படித்தாலே அங்கே வந்திருக்க வேண்டிய சொல் எது என்று அவளுக்குத் தோன்றிவிடும். அப்புறம்தான் ஹெட்போனைப் போட்டு, குறைந்த ஒலியில், சரிதானா என்று பார்ப்பாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

கணவர் தொழிற்சாலையில் காதை மூடிக்கொள்ளும் கிண்ணம் கேட்டார். முதலாளி, இத்தனை வருஷம் இல்லாத சொகுசு இப்போது எதற்கு என்றார். இவர் சண்டை போடவில்லை. தன் காது வரைபடத்தை மாவு பிசையும் மேசைக்கு மேல் சுவரில் ஒட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். அடுப்புக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். அவர்களில் பலருக்கும், எல்லாருக்கும் கேட்கும் என்று நினைத்திருந்த ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவருக்கு விசில், ஒருவருக்கு மழை. அவர்கள் எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்டபோது முதலாளி மறுக்கவில்லை. அதிலிருந்து அங்கே அவருக்குப் பெயர் டாக்டர்.

இதற்கிடையில் கல்யாணம் பார்த்த கார்டு ஒருநாள் எழுத மறுத்தது. உள்ளே இருந்ததையெல்லாம் படிக்கக் கொடுத்தது, புதிதாக ஓர் எழுத்தைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. காதுக்காரி யாரையும் கூப்பிடாமல், எல்லாவற்றையும் வேறொரு கார்டுக்கு மாற்றி, பெட்டியைத் திறந்து, தானே செருகி மூடினாள். நாத்தனாரிடம் பழையதைத் திருப்பிக் கொடுத்தபோது, "நல்லா உழைச்சுது" என்று அவள் அதை வாங்கி வைத்துக்கொண்டாள்.

வீட்டில் இருவருக்கும் அது ஒரு நலம் விசாரிப்பாகவே ஆகிவிட்டது. அவர் மதியம் எழுந்ததும் அவள் கேட்பாள், "அடுப்பு எப்படி இருக்கு?" "நேத்தைக்கு இன்னிக்குப் பரவால்ல. உன் கம்பி?" "காலைல கொஞ்சம் இழுத்துது, இப்ப அடங்கிடுச்சு." இத்தனை வருஷம் ஒரே அறையில் ஒருவர் தூங்க ஒருவர் கேட்க இருந்தவர்கள், எழுந்ததும் பேசிக்கொள்ள ஒரு விஷயம் கிடைத்ததில் மற்ற விஷயங்களையும் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். படிப்பு கெடும் என்று அவளிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. மதியம் சமையலறை வாசலோரம் பாய் போட்டுப் படுத்திருந்தவள் காதில் பெற்றோரின் பேச்சு விழுந்தது.

"அடுப்பு?"

"இன்னிக்குக் கொஞ்சம் பெரிசாவே எரியுது."

மகள் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து சமையலறைக்கு ஓடினாள். சற்று நேரம் கழித்துக் கதவோரம் வந்து நின்றாள்.

"அம்மா, அடுப்பு அணைஞ்சுதானே இருக்கு. எதைச் சொல்றீங்க ரெண்டு பேரும்?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் சொல்வது என்று அவர்களுக்குள் கண்ணாலேயே கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. பிறகு காதுக்காரி கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள்.

"இப்படி வந்து உக்காரு" என்றாள். "பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. முதல்ல ஒண்ணு சொல்லு. ஹெட்போன் போட்டுப் பாட்டு கேக்கறியே, சத்தத்தை எவ்வளவு வைக்கறே?"